எக்கோ மெஷினில் கடல்தரை மேலே ஏறுகிறதே, பழுதா?

கேள்வி: நாங்கள் குமரி மாவட்ட நீரோடிக்காரர்கள். கொச்சியிலிருந்து மேற்கே ஆயிரங்கால் தூண்டிலுக்கு (நெடுங்கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தூண்டில்கள்) பல நாள் தங்கல் போகிறோம். கடல் சார்ட்டில் 1,100 பாகம் (ஒரு பாகம் ஆறடி) போட்டிருக்கிற இடத்தில், ஓசை அனுப்பி ஆழம் பார்க்கும் எங்கள் எக்கோ 200 பாகத்திலேயே தரை காட்டுகிறது. பொழுது சாய்ந்தால் அந்தத் தரை மெல்ல மேலே எழும்புகிறது. ஓசையை அனுப்பி வாங்குகிற டிரான்ஸ்டியூசரை மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். ‘அதெல்லாம் மீன்தான், விடு’ என்கிறார் மாமா. யாரை நம்புவது?

பதில்: மாமாவை. மாற்றுவதற்குக் காசு எடுத்து வைத்திருந்தால் அதை ஐஸுக்கும் டீசலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல்தண்ணீரில் ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். 200 பாகம் என்றால் சுமார் 365 மீட்டர். போய்த் திரும்ப அரை விநாடி. அரை விநாடியில் எதிரொலி வந்துவிட்டால் மெஷின் அங்கே கோடு போடும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எதிரொலித்தது பாறையா, சேறா, உயிரா என்று அது கேட்பதில்லை.

இதில் ஏமாந்தது நீங்கள் மட்டுமல்ல. 1942-இல் கலிபோர்னியா பக்கம், நீர்மூழ்கிகளைத் தேட ஓசையைச் சோதித்த அமெரிக்க விஞ்ஞானிகளுக்கும் இப்படியொரு பொய்த்தரை தெரிந்தது. அது மாலையில் ஏறி விடியலில் இறங்குவதைக் கடலுயிர் ஆய்வாளர் மார்ட்டின் ஜான்சன் 1945-இல் கவனித்துக் காட்டினார். தரைக்குக் கால் முளைக்காது. எனவே அது உயிர்க்கூட்டம்.

அதில் பெரும்பங்கு லாந்தர் மீன்கள். விரல் நீளம்கூட இல்லாதவை பல. மீன் சதையும் தண்ணீரும் ஓசைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பை அப்படியல்ல. காற்றில் பட்ட ஓசை பலமாகத் திரும்பும். காற்றுக் குமிழோடு மிதக்கிற சொறி வகைகளும் கூடச் சேர்ந்துகொள்ளும். பகலில் கண்ணுள்ள எதிரிகளுக்குப் பயந்து இருட்டுக்குள் இறங்கிக் கிடக்கும். அங்கேயும் கீழிருந்து பார்ப்பவனுக்கு நிழலாகத் தெரியாமலிருக்க, மேலிருந்து வரும் மங்கல் வெளிச்சத்துக்கு ஈடாக வயிற்றில் சிறு விளக்குகளை எரிக்கும். அரபிக்கடலின் அந்த ஆழத்தில் பிராணவாயுவும் மிகக் குறைவு. அதையும் தாங்கிக்கொண்டு பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் இரை தின்ன மேலே வரும்.

சரி, மெஷின் நன்றாக இருக்கிறதென்று எப்படி உறுதி செய்வது? கரைக்கு அருகே 30 பாகத்தில் நிறுத்தி ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் டிரான்ஸ்டியூசருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் ஆழத்தில் கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, குறையுங்கள். உயிர்க்கூட்டம் புள்ளி புள்ளியாக உடைந்து மங்கும், நிஜத்தரை சீக்கிரம் உடையாது. ரேஞ்சையும், அதாவது திரை காட்டும் ஆழ அளவையும், மாற்றுங்கள். மாற்றியதும் கோடு வேறு ஆழத்துக்குத் தாவினால், அது முந்தைய துடிப்பின் எதிரொலி பிந்தி வந்து காட்டும் பொய். 200 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாதாரணப் படகு எக்கோவில் அந்தக் கீச்சு ஓசை 200 பாகம் போய்ச் சேருமுன்பே தேய்ந்துவிடும், கோடு மறைந்தாலும் ஒன்றும் நிரூபணமாகாது. இந்த வேலைக்கு 50 கிலோஹெர்ட்ஸ்தான்.

இனி அந்தக் கோட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்துங்கள். கணவாய் அந்தக் கூட்டத்தைத் தின்னப் பின்னால் வரும். பெரிய கண் சூரையும் வாள்மீனும் பகலில் அதோடு ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் அதோடு மேலே வரும். அவற்றைக் குறிவைத்தால், கோடு எழும்பி நிற்கிற மட்டத்துக்குத் தூண்டிலை இரவில் உயர்த்துங்கள். நிலாக்காலத்தில் கூட்டம் முழுதாக மேலே வராது, கயிற்றைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும். மாமாவுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும். சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை, மாசிக் கருவாடு போடுகிற சூரைக்கும் இல்லை. எக்கோவில் இரண்டும் மங்கலாகத்தான் விழும். திரை வெறுமையாக இருக்கிறதே என்று இடத்தை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.