முக்கோணத்துக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

ஏற்காடு மலையில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். அண்மையில் ஒரு பயிற்சியில் ஃபின்லாந்து ஆய்வாளர் எங்கெஸ்ட்ரோமின் செயல்பாட்டுக் கோட்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வேலையில் யார், எந்தக் கருவியோடு, எந்த விதிப்படி ஈடுபடுகிறார்கள் என்று முக்கோணமாக வரைந்து, அதிலுள்ள முரண்பாடுகளிலிருந்து மாற்றத்தைத் தேடுவது அது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பிள்ளைகள் வருகை குறைவதை வைத்து முக்கோணம் வரைந்தோம். பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை, பள்ளி நேரம் ஒத்துவரவில்லை என்று முடிவானது. இந்தக் கோட்பாடு சமூக மாற்றத்துக்கு உதவுமா? இதற்கு முன்னோடியான சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியை முதலில் படிக்க வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

வைகாட்ஸ்கியைத் தாராளமாகப் படியுங்கள், வரிசை முக்கியமில்லை. 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. ஒரு ஆசிரியை இப்படி எழுதலாமா?

பல வருடங்களுக்கு முன் நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் சாயங்காலம் எடை போடுவதைப் பார்த்தேன். கிலோக் கணக்கில் கூலி. ஒரு அம்மா சாக்கைத் தராசில் ஏற்றினார். பக்கத்தில் நின்ற மகளுக்கு எட்டு வயதிருக்கும், விரல்நுனியெல்லாம் பழச்சாறு காய்ந்து கறுத்திருந்தது. அவள் பறித்ததும் அதே சாக்கில்தான். கணக்குப்பிள்ளையின் நோட்டில் அம்மா பெயர் மட்டும் ஏறியது. தோட்டத்துக் கணக்கில் அந்தப் பிள்ளை வேலை செய்யவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஆப்சென்ட். மகள் கையும் சேர்ந்தால் எத்தனை கிலோ கூடும் என்று அந்த அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். வேறென்ன விழிப்புணர்வு அவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

உங்கள் முக்கோணத்தில் கருவி, விதி, வேலைப் பிரிவினை எல்லாம் இருந்திருக்கும். கிலோவுக்கு என்ன கூலி என்று முடிவு செய்பவர் இருந்தாரா? ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்ற பயன்மதிப்புக்கும் சந்தையில் அதற்கு என்ன கிடைக்கிறது என்ற பரிவர்த்தனை மதிப்புக்கும் உள்ள முரண்பாடே முதன்மையானது என்று எங்கெஸ்ட்ரோம் 1987இல் மார்க்ஸை வைத்துத்தான் எழுதினார். பயிற்சி அறைக்கு வந்ததும் அது காணாமல் போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களால் சரிசெய்ய முடிந்தது மட்டுமே முரண்பாடு என்றாகிவிடுகிறது. நேரத்தை மாற்றலாம், பெற்றோர் கூட்டம் போடலாம். கூலி தலைமையாசிரியர் கையில் இல்லை, ஆகவே பேச்சிலும் இல்லை. ஒரு அமைப்பைச் சுற்றிக் கோடு போட்டால் அந்தக் கோடு தாங்குகிற அளவுக்குத்தான் மாற்றம் வரும். கோடு யார் போட்டது என்று கேட்காத கோட்பாடு நிர்வாகத்துக்கு நல்ல கருவியாகும், அவ்வளவுதான்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். தொழிலாளர்களின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், படிக்க வசதி செய்துதரும்படி முதலாளிக்கு விதி போட மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது அது. ஒரு பழைய சட்டமே முதலாளியை உள்ளே இழுத்தது. உங்கள் பயிற்சி அவரை வெளியே விட்டுவிட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வராத பிள்ளைக்காகக் கடிதம் எழுதும் ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அப்புறம் ஒன்று. இந்தப் பருவத்தில் கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அம்மாக்களிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்தக் கணக்கை எழுத்தில் வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.