சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதாதா?

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் வகுப்பு எடுப்பதாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம். நான் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் இருக்கிறேன். வாரத்தில் பாதி நாட்கள் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். எங்கள் குடியிருப்பில் சைக்கிள் ஓட்டத் தெரியாத தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. செய்வதை முறையாகச் செய்யலாமே என்று சைக்கிள் கற்றுக்கொடுப்பவர்களுக்கான எல்.சி.ஐ. சான்றிதழைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நாமெல்லாம் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர்கள். எந்த வாத்தியார் வந்தார்? சைக்கிளுக்குப் போய் சர்டிஃபிகேட்டா?" என்கிறார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஹெல்மெட் போடு, ஓரமாகப் போ என்பதற்கு மேல் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? அந்தப் பயிற்சியில் என்னதான் செய்யச் சொல்வார்கள்? பத்துப் பேர் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்பதும் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. இரண்டு சக்கரத்தில் விழாமல் நிற்க யாருக்கும் வாத்தியார் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கு பார்க்கிங் லாட்டில் கற்றுக்கொடுக்க எந்தச் சட்டமும் சான்றிதழ் கேட்காது. அவ்வளவுதான் நோக்கம் என்றால் பணத்தையும் ஒரு வார இறுதியையும் மிச்சப்படுத்துங்கள். நகராட்சிக்காகவோ பள்ளிக்காகவோ அலுவலகத்துக்காகவோ வகுப்பு எடுக்கப் போனால்தான் பெரும்பாலும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

அவர் சொல்வதில் மீதிப் பாதி தவறு. அது உங்களுடைய 'ஓரமாகப் போ'வோடு சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்.சி.ஐ. என்பது லீக் சைக்ளிங் இன்ஸ்ட்ரக்டர். சான்றிதழ் தருவது லீக் ஆஃப் அமெரிக்கன் பைசைக்ளிஸ்ட்ஸ். 1880இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென் என்ற பெயரில் தொடங்கிய சங்கம் அது. கார்கள் வருவதற்கு முன்பே நல்ல சாலை கேட்டுப் போராடியவர்கள். அதே சங்கம் 1894இல் வெள்ளையர் அல்லாதவர் உறுப்பினராகக் கூடாது என்று விதி போட்டது. அந்த விதியை வெளிப்படையாகக் கண்டித்துக் கைகழுவியது 1999இல்தான். இன்று நம்மைப் போன்றவர்கள் அவர்கள் சான்றிதழை வாங்கிக்கொள்கிறோம். அதனால் இது தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன், வேறொன்றுமில்லை.

வழி எளிது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். முதலில் ஸ்மார்ட் சைக்ளிங் என்ற பாடத்தை மாணவராக முடிக்கவேண்டும்: கொஞ்சம் தியரி, பார்க்கிங் லாட் பயிற்சி, சாலையில் ஓட்டுவது, ஒரு தேர்வு. அதன்பிறகுதான் கற்றுக்கொடுப்பதற்கான பயிற்சி, அதாவது செமினார். வழக்கமாக அது ஒரு வார இறுதியை முழுதாக விழுங்கிவிடும்.

அந்தச் செமினாரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும். போகிறவர்கள் எல்லாரும் தங்கள் சைக்கிள் திறமையைச் சோதிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். ஓட்டிக் காட்டச் சொல்வது உண்மைதான். ஆனால் செமினார் நடத்தும் கோச்சுகள் உட்கார்ந்து குறிப்பெடுப்பது வேறொன்றை. உங்களுக்கு ஒரு தலைப்பையும் சில நிமிடங்களையும் கொடுத்துவிடுவார்கள். உங்களோடு பயிற்சிக்கு வந்தவர்களே மாணவர்களாக நடிப்பார்கள். சிலர் வேண்டுமென்றே தப்புச் செய்வார்கள். நீங்கள் அதைக் கவனித்தீர்களா, கவனித்ததை எப்படிச் சொன்னீர்கள், எத்தனை வார்த்தையில் சொன்னீர்கள் என்பதுதான் பரீட்சை.

எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். நூறு மைல், இருநூறு மைல் சவாரிகளைச் சாதாரணமாகப் போய்வருபவர். அவருக்குக் கிடைத்தது திடீர் பிரேக் பாடம். எடையை எப்படிப் பின்னால் தள்ளுவது, முன் பிரேக் ஏன் அதிகம் பிடிக்கிறது, பின்சக்கரம் ஏன் தூக்குகிறது என்று இயற்பியலிலிருந்து ஆரம்பித்தார். அவ்வளவும் சரி. வெயிலில் நாங்கள் வண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தோம். நேரம் முடிந்தபோது ஒருவர்கூட பிரேக்கைத் தொட்டிருக்கவில்லை. கோச் சொன்னது ஒன்றுதான்: செய்து காட்டு, செய்யவிடு, ஒரே ஒரு திருத்தம் சொல்லு. ஒருவர் நாலு தப்புச் செய்தாலும் அப்போதைக்கு ஆபத்தான ஒன்றை மட்டும் சொல்லு. நமக்கு இது மிகக் கடினம். நாம் படித்த பள்ளிக்கூடங்களில் எல்லாத் தப்பையும் ஒரே மூச்சில் சொல்பவர்தானே நல்ல வாத்தியார்?

திடீர் பிரேக் என்றதும் நம்மவர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. ஊரில் பெரும்பாலான வண்டிகளில் வலக்கை பிரேக் முன்சக்கரத்துக்கு. அமெரிக்காவில் இடக்கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. சும்மா ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. நாய் குறுக்கே வந்தால் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். ஊரிலிருந்து வந்த மாணவர்களை முதலில் வண்டியிலிருந்து இறங்கி நின்று, தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். இது பாடத்திட்டத்தில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. நீங்களும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாடத்திட்டத்தில் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னால் திரும்பிப் பார்க்கும் பயிற்சி. மாணவர் நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். நீங்கள் பின்னால் நின்று சில விரல்களை உயர்த்துவீர்கள். அவர் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லவேண்டும், கோடு விலகக் கூடாது. பெரியவர்கள் முதல்முறை செய்யும்போது தலை திரும்பிய பக்கமே வண்டியும் போகும். நம்மவர்கள் இன்னொரு கூத்தும் செய்வார்கள்: வலது தோள் பக்கம் திரும்புவார்கள். ஊரில் வண்டிகள் நம்மைத் தாண்டிப் போவது வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். உங்கள் வீட்டுக்காரரை வைத்தே இதைச் செய்து பாருங்கள்.

சரி, 'ஓரமாகப் போ'வுக்கு வருவோம். இந்த அறிவுரையைச் சொல்லாத அம்மா அப்பா தமிழ்நாட்டில் கிடையாது. சான்றிதழ் பயிற்சி உங்களிடமிருந்து பிடுங்கி எறியப்போவது இதைத்தான்.

சாலையின் இடப்பக்கம், அதாவது எதிர்த்திசையில், ஓட்டும் நம்மவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிலருக்கு அது பழைய கைப்பழக்கம். சிலர் யோசித்தே செய்கிறார்கள்: வருகிற காரைப் பார்த்துக்கொண்டே போனால் தப்பிக்கலாம் அல்லவா? நடப்பவருக்கு அது சரி. சைக்கிளுக்குச் சரிவராது. காரின் வேகம் மணிக்கு 30 மைல், உங்கள் வேகம் 10 மைல் என்று வையுங்கள். ஒரே திசையில் போனால் கார் உங்களை நெருங்கும் வேகம் 20. எதிரெதிராகப் போனால் 40. அதைவிட மோசம் சந்துகள். சந்திலிருந்து வலப்பக்கம் திரும்ப நிற்கும் ஓட்டுநர் இடப்பக்கம்தான் பார்ப்பார், கார் அங்கிருந்துதானே வரும். நீங்களோ அவருடைய வலப்பக்கத்திலிருந்து வருவீர்கள். அவர் கண்ணில் நீங்கள் கிடையாது. நடைபாதை மேல் எதிர்த்திசையில் ஓட்டினாலும் இதே கதைதான். வீட்டு வாசலிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு காரும் ஒரு சந்து.

சரியான பக்கத்தில் போகிறவர்களும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனால் சிக்கல்தான். நிறுத்திவைத்த கார்களை உரசிக்கொண்டு போவார்கள், யாராவது கதவைத் திறப்பார்கள். அடிபடாமல் இருக்கக் கதவின் அகலத்துக்கு மேல் தள்ளித்தான் போகவேண்டும். குறுகலான லேனில் ஓரமாகப் போனால், இடம் இருக்கிறது என்று நம்பிக் காரும் அதே லேனுக்குள் நுழையும். இடம் இருக்காது. அங்கே லேனின் நடுவில் போவதுதான் பாதுகாப்பு. பின்னால் வருகிறவருக்குத் தெளிவாகப் புரியும்: தாண்டவேண்டும் என்றால் அடுத்த லேனுக்குப் போகவேண்டும்.

"சட்டம் அனுமதிக்குமா?" என்று வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். தயாராக இருங்கள். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 21202ஆம் பிரிவு, போக்குவரத்தைவிட மெதுவாகப் போகும் சைக்கிள் முடிந்தவரை வலது ஓரத்தில் போகவேண்டும் என்கிறது. அதே பிரிவு விதிவிலக்குகளையும் சொல்கிறது: இன்னொரு வண்டியைத் தாண்டும்போது, இடப்பக்கம் திரும்பும்போது, ஓரத்தில் இடைஞ்சல் இருக்கும்போது, சைக்கிளும் காரும் அருகருகே போக இடமில்லாத குறுகலான லேனில், வலப்பக்கம் திரும்ப அனுமதியுள்ள இடத்தை நெருங்கும்போது. தாண்டும் கார் 3 அடி இடைவெளி விடவேண்டும் என்பது 2014 முதல் சட்டம். முடிந்த இடத்தில் லேன் மாறித்தான் தாண்டவேண்டும் என்பது 2023 முதல். சட்டம் தெரிந்தால் மட்டும் ஒருவர் ஓரத்தைவிட்டு நகர்ந்துவிட மாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்து, கையைக் காட்டத் தெரிந்து, ஆளில்லாத தெருவில் பலமுறை செய்து பார்த்தபிறகுதான் நகர்வார். நம் வேலை அந்த நகர்வுதான். பிரேக், கை சைகை, திரும்பிப் பார்ப்பது எல்லாம் அதற்குத் தயார் செய்வது.

இந்தப் பாடத்துக்கு மூலவர் ஜான் ஃபாரஸ்டர் என்ற பொறியாளர். இங்கிலாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர், 2020இல் இறந்தார். 1970களில் பாலோ ஆல்டோவில் சில சாலைகளில் சைக்கிள்காரர்கள் நடைபாதைக்குப் போகவேண்டும் என்று விதித்தபோது, சாலையில் ஓட்டி அபராதம் வாங்கியவர். சைக்கிள் ஓட்டுபவர் வாகன ஓட்டியாக நடந்துகொண்டால், அப்படி நடத்தவும்பட்டால் அதுவே அவருக்கு நல்லது என்பது அவர் கட்சி. அவர் உருவாக்கிய பாடத்தைத்தான் லீக் முதலில் எடுத்துக்கொண்டது. மனிதர் அதோடு நிற்கவில்லை. தனி சைக்கிள் பாதையே வேண்டாம் என்று கடைசிவரை எதிர்த்தார். நான் அதில் அவரோடு இல்லை. எட்டு வயதுக் குழந்தையையும் எழுபது வயதுப் பாட்டியையும் 45 மைல் வேகச் சாலையின் நடுவில் ஓட்டச் சொல்வது பாடம் இல்லை, பிடிவாதம். நெதர்லாந்தில் தனிப் பாதையும் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலைத் தேர்வும் இருக்கிறது. இரண்டும் வேண்டும். செமினாரில் பழைய ஃபாரஸ்டர் பக்தர் யாராவது உங்களிடம் வாதத்துக்கு வரலாம். கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது.

உங்கள் குடியிருப்புப் பெண்களுக்கு. ஊரில் அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார், "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுவார். பெரியவர்களிடம் அதைச் செய்யாதீர்கள். விழுந்தால் முழங்கால் ஆற நாளாகும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கை அதற்கும் மேல் நாளாகும். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள் (இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும்). இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படி சீட்டை இறக்குங்கள். லேசான சரிவில் காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் சறுக்கிப் போகத் தெரிந்துவிட்டால் பெடலை மாட்டலாம். நீங்கள் வண்டியைத் தொடவே வேண்டாம்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். எழுத்துக் கற்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றார்கள், கற்றவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களிலிருந்து ஆசிரியைகள் வரை. யாரிடமும் சான்றிதழ் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இதை எடுத்துக்காட்டினால் ஒத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் எது முக்கியம் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது: பக்கத்தில் தன்னைப் போன்ற ஒருத்தி நிற்கவேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஏன் கவலை? அதிகம் பேசுகிறவர்கள்தான் அங்கே அடிவாங்குகிறார்கள். உங்களுக்கு வேண்டியது சின்னச் சின்ன வாக்கியங்களும், காற்றிலும் கேட்கும் குரலும். சான்றிதழ் வாங்கியபிறகு வகுப்பைத் தமிழிலேயே எடுங்கள். ஸ்பானிஷில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், தமிழுக்கும் ஆள் வேண்டும்.

பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் இருப்பது அலமீடா கவுண்டி. அங்கே பைக் ஈஸ்ட் பே என்ற அமைப்பு இலவசமாக வகுப்புகள் நடத்துகிறது, ஓட்டவே தெரியாத பெரியவர்களுக்கான வகுப்பு உட்பட. ஒரு வகுப்பில் மாணவியாக உட்காருங்கள். இன்னொன்றில் உதவிக்கு நிற்கட்டுமா என்று கேட்டுப்பாருங்கள். காலை முழுக்கக் கூம்பு அடுக்கி, சீட் இறக்கி, ஹெல்மெட் வாரைச் சரிசெய்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடிகிறதா என்று தெரிந்துவிடும். முடிந்தால் அடுத்த செமினாருக்குப் பெயர் கொடுங்கள். தினமும் வேலைக்குப் போகிற அதே வண்டியைக் கொண்டுபோனால் போதும்.

அன்புடன்,
அக்கா