சூழல் படித்து என்ன வேலை எடுப்பாள்? ஒட்டுசுட்டான் அப்பா ஒருவருக்கு

அன்புள்ள அண்ணை,

போன கிழமை மகளோடு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆறுதலாக மறுமொழி சொல்ல நேரம் கிடைக்கவில்லை. "சூழல் விஞ்ஞானம் படிச்சு இவள் என்ன வேலை எடுக்கப் போறாள்? மண் ஏத்தித்தானே இவ்வளவு நாளும் படிப்பிச்சனான்" என்றீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிப்பர் ஓடிப் பிள்ளையைப் படிப்பித்ததில் குறைவாக நினைக்க ஒன்றுமே இல்லை. 2009க்குப் பிறகு வன்னியில் வீடும் வீதியும் மதகும் எழும்பியது இந்த மண்ணிலும் கிரவலிலும்தான். ஆற்றில் மண், கடலில் மீன், காட்டில் மரம், குளத்தில் தண்ணீர் என்று எங்கள் சீவியமே எடுப்பதில்தான் ஓடுகிறது. எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்று அளந்து சொல்ல ஊருக்குள் ஆள் போதாது. என் கவலை அதுதான்.

மகள் காட்டிய கொப்பியை நீங்கள் வடிவாகப் பார்த்தீர்களோ தெரியாது. கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறாள். மாதம் முதலாம் திகதி வாளி தண்ணீரைத் தொடும்போது எத்தனை முடிச்சு இறங்கியது என்று எழுதுகிறாள். பக்கத்தில் மழை பெய்த நாட்கள். ஓரிடத்தில் ஓரமாக, சின்ன எழுத்தில், "ஆத்தில மண் அள்ளத் தொடங்கினது" என்று இருந்தது. உங்களுக்கு நோகும் என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பக்கத்தைக் கெதியாகப் புரட்டிவிட்டாள்.

ஆற்று மண் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல விடும். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் ஆற்றின் அடி தாழும், கிணறும் கூடவே இறங்கும். கடலுக்குக் கிட்ட என்றால் உவர் ஏறும். மண் அள்ளும் அனுமதிப் பத்திரத்தில் இத்தனை கியூப் (மண் அளக்கும் கணக்கு) என்று போடுவதற்கு முன்னால் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் யாரும் சொல்லாமலே அந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டாள், அண்ணை.

சரி, படிப்புக்கு வருவோம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழல் விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். இரண்டும் வீட்டிலிருந்து எட்டாத தூரம் இல்லை. உயிரியல் பிரிவில் படித்தவள், இரண்டையும் பார்க்கலாம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உங்கள் முல்லைத்தீவு மாவட்டமும் அந்தப் பட்டியலில் உள்ளது. ஆகவே கொழும்புப் பிள்ளைகளின் இசட் புள்ளியை (பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) பார்த்து இப்பவே மனம் விட வேண்டாம். தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் புதிய கைநூலில் பாருங்கள். பழைய கைநூலை நம்பி விண்ணப்பித்து ஏமாந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

புள்ளி காணாவிட்டால் வவுனியா விவசாயக் கல்லூரியின் டிப்ளோமா இருக்கிறது. அதைக் குறைந்த படிப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயலுக்குள் இறங்கி வேலை தெரிந்த பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் மதிப்பு உண்டு.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பரில் தடையை விலக்கும்போது காலபோகம், அதாவது மாரிமழையோடு செய்யும் பெரிய நெற்போகம், தொடங்கிவிட்டது. சேதனப் பசளை கூடாத பொருள் இல்லை. எந்த மண்ணுக்கு எவ்வளவு, எத்தனை போகத்தில் படிப்படியாக மாறலாம் என்று மண்ணைச் சோதித்துத் திட்டம் போடாமல் செய்தார்கள், விலையை விவசாயி கொடுத்தான். மன்னாரையும் பாருங்கள். 2020 கடைசியில் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள். புகையில்லாத மின்சாரம்தான். ஆனாலும் வெள்ளம் வடியாமல் நிற்கிறது, மீன்பிடி கெடுகிறது என்று அந்தச் சனம் சொல்கிறது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடமும் அது. மின்சாரத்தையும் சனத்தின் முறைப்பாட்டையும் ஒன்றாக வைத்து, அங்கேயே நின்று அளந்து தமிழில் விளக்கக்கூடிய ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் ஒட்டுசுட்டானிலிருந்து போகக்கூடாது?

அரச வேலை நிச்சயம் என்று உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். மத்திய சுற்றாடல் அதிகார சபை, நீர் வழங்கல் சபை, நீர்ப்பாசனம், வனத் திணைக்களம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆட்சேர்ப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வயது போனவர்கள் எத்தனையோ பேர். அதனால் பட்டத்தோடு கைவேலையும் வேண்டும். கணினியில் வரைபடம் போடவும், தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்கவும், அறிக்கை எழுதும் அளவுக்கு ஆங்கிலமும் முதலாம் வருடத்திலேயே பழகத் தொடங்கட்டும். பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டப்படி தேவை. அதைச் செய்கிற தனியார் குழுக்கள் பட்டத்தோடு கைவேலையையும் பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த மாத முடிச்சை நீங்கள் கயிற்றைப் பிடிக்க, அவள் எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். மூன்று பேருமாக இருந்து விண்ணப்பத்தை நிரப்புவோம்.