த்ரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடம்: மலையகப் பிள்ளைகள் கேட்டதும் நான் சொல்வதும்

ஊடகப் பாட ஒப்படைக்கு இரண்டு நிமிட த்ரில்லர் தொடக்கம் எடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முழுப் படம் இல்லை, பெயர் எழுத்தோடு சேர்ந்த தொடக்கம் மட்டும். நானும் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து இதே மாதிரி ஒப்படையில்தான் கெமராவைத் தொட்டேன். அதற்குப் பிறகு பல வருடமாகப் பிள்ளைகளோடு குறும்படம் எடுத்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹட்டன், உயர்தர மாணவி: அக்கா, கொலை, விசாரணை, கொலைகாரன் யார் என்பது வரைக்கும் எழுதிவிட்டோம். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கவில்லை. எதை வெட்டுவது?

தங்கச்சி, கதையை முடிக்கவே வேண்டாம். தொடக்கத்துக்கு ஒரே ஒரு வேலைதான், பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்வது. இப்படி யோசித்துப் பாருங்கள். பின்னேரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை முடிந்துவிட்டது. கணக்கப்பிள்ளை தராசைக் கழற்றுகிறார், லொறி புறப்படுகிறது, பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை உதறி மடித்துக்கொண்டு லயத்து வரிசை வீடுகள் பக்கம் இறங்குகிறார்கள். தரையில் ஒரு கூடை மட்டும் நிற்கிறது, வாய் நிறையக் கொழுந்தோடு. கணக்கப்பிள்ளை கொப்பியைத் திறந்து விரலை ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டு வருகிறார், எல்லாப் பெயருக்கும் நேரே கிலோ எழுதியிருக்கிறது, ஒரு பெயருக்கு நேரே மட்டும் ஒன்றுமில்லை. தலையைத் தூக்கி மலையைப் பார்க்கிறார். அந்தப் பெண் இன்னும் இறங்கவில்லை என்றால் அவள் கூடையை இங்கே கொண்டுவந்து வைத்தது யார்? அவ்வளவுதான், கறுத்த திரை, தலைப்பு. இரத்தம் இல்லை, கத்தி இல்லை, வசனம்கூட இரண்டு வரிதான் வரும். இதையே எடுக்கச் சொல்லவில்லை, உங்களுடையதை இந்த அளவுக்குச் சுருக்குங்கள்.

மஸ்கெலியா, முதல் தடவை எடுப்பவர்: எங்கள் படத்தில் ஒரு பெண் நடந்து வருவாள், திடீரென்று ஒரு கை அவளைப் பிடிக்கும். வகுப்பில் காட்டினால் சிரிக்கிறார்கள். ஏன்?

பயப்படுவதற்கு அவர்களுக்கு நேரமே கொடுக்கவில்லை, தம்பி. த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதை ஒரு மேசையை வைத்து விளக்கினார். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் குண்டு வெடித்தால் பார்ப்பவருக்கு 15 செக்கன் அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டு அதே பேச்சைப் பேசவிட்டால் 15 நிமிடம் பதற்றம். உங்கள் படத்திலும் அந்த ஆளை முதலே காட்டுங்கள், முழுதாக இல்லை, தேயிலைச் செடிக்கு மேலே ஒரு தோள் அசைவது போதும். அப்புறம் அவளைச் சும்மா நடக்க விடுங்கள், செருப்பு வாரைச் சரிசெய்ய ஒரு தடவை குனியட்டும். அவள் குனியும்போது வகுப்பு மூச்சை அடக்கும். கை வந்து பிடிப்பதைக் காட்டவே தேவையில்லாமல் போகும்.

பண்டாரவளை, உயர்தர மாணவர்: போன் கெமராதான் இருக்கிறது. பனிமூட்டத்தில் எடுத்தால் படம் தெளிவாகியும் மங்கியும் மாறிக்கொண்டே இருக்கிறது.

மூட்டத்தில் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைக்காமல் போன் போகஸைத் தேடி அலைகிறது. நடிப்பவர் நிற்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு எடுங்கள். வெள்ளை மூட்டத்தைப் பார்த்ததும் கெமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து ஆளின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும், முகம் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கையால் மாற்ற முடிகிற கெமரா ஆப் இருந்தால் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் 30 பிரேமில் 1/60 வைத்து லயத்து டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும் அல்லது வெளிச்சம் துடிக்கும். இன்னொன்று, குளிரில் இருந்த போனைச் சூடான பெக்டரிக்குள்ளோ குசினிக்குள்ளோ கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். பையோடு உள்ளே வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

நானுஓயா, மூன்று பேர் சேர்ந்து: இரவுக் காட்சி எடுத்தால் முழுக்கப் புள்ளி புள்ளியாக வருகிறது. லைட் வாடகைக்கு எடுக்கக் காசு இல்லை.

இரவில் எடுக்காதீர்கள், இரவு மாதிரித் தெரிகிற நேரத்தில் எடுங்கள். சூரியன் மறைந்த பிறகு கிட்டத்தட்ட 20 நிமிடம் வானம் கருநீலமாக இருக்கும், கெமராவுக்கு வெளிச்சம் போதும், பார்ப்பவருக்கு அது இரவு. ஆனால் அது கண் மூடித் திறக்கும் முன் போய்விடும், எங்கள் பள்ளத்தாக்குகளில் வெயில் மலைக்குப் பின்னால் இன்னும் வேளைக்கே இறங்கிவிடும். ஐந்து மணிக்கே போய் நடிப்பவரை நடக்கவிட்டுப் பழக்கி, கெமரா நிற்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, நேரம் வந்ததும் மூன்று ஷொட் மட்டும் எடுங்கள், மிச்சத்தை அடுத்த நாள் அதே நேரத்தில். வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் ஒரு பல்ப் எரியட்டும். சுற்றிலும் நீலம், நடுவில் அந்த மஞ்சள், அதற்குள் ஒரு ஆள் வந்து நின்று வெளியே பார்க்கிறார் என்றால் வேறு லைட் எதற்கு?

எல்ல பக்கம், மாணவர்: ஒன்பது வளைவுப் பாலத்தில் துரத்தும் காட்சி எடுக்கலாமா? அல்லது ஒரு சுரங்கத்துக்குள்?

வேண்டாம். ரயில் பாதையில் ஓடி நடிப்பது ஆபத்து, சட்டப்படியும் தவறு, படப்பிடிப்பு என்றால் ரயில்வே திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோனுக்கும் அப்படித்தான், சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தை எல்லாரும் சுற்றுலாப் படங்களில் பார்த்துப் பழகிவிட்டார்கள், அங்கே பயம் ஒட்டாது. ரயிலின் சத்தத்தை எடுங்கள். எங்கள் ரயில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு நேரம் முன்பே மலைக்கு மலை அந்தச் சத்தம் மாறி மாறிக் கேட்கும், நெருங்குகிறதா விலகுகிறதா என்றே தெரியாது. ஸ்டேஷன் மேடையில் நின்று அதைப் பதிந்துகொண்டு, கடிதம் படிக்கும் ஒரு பெண்ணின் முகத்துக்குக் கீழே போட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை, மாணவி: எங்களுக்குச் சத்தம்தான் பிரச்சினை. பேசுவது கேட்பதில்லை. பின்னணிக்குச் சினிமா இசையைப் போடலாமா?

கேட்டது நல்லது, த்ரில்லரில் பாதிக்கு மேல் சத்தம்தான், பிள்ளைகள் அதைக் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் பேச்சு. இன்னொரு போனை ரெகோர்டிங்கில் போட்டு நடிப்பவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள், எடுக்கத் தொடங்கும்போது கெமராவுக்கு முன்னால் ஒரு தடவை கையைத் தட்டுங்கள், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்தலாம். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் வசனம் எடுக்க முயலவே வேண்டாம். ஆனால் அந்த மழைச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து வையுங்கள், அது பொன். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா பதியுங்கள். அந்த வெறும் சத்தம் இல்லாவிட்டால் ஷொட்டுக்கு ஷொட்டு வெட்டுவது காதில் குத்தும்.

சினிமா இசை வேண்டாம். அது இன்னொருவரின் உழைப்பு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதைக் காக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. உங்களிடம் தப்பு என்ற பறை இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் தப்பை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவார்கள் இல்லையா, அப்போது தோல் இறுகுகிறதா என்று பார்க்க விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்துவார்கள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு, முன்னதைவிடக் கூர்மையாக. அடி தொடங்கவில்லை, தொடங்கப் போகிறது. அடிப்பவரிடம் கேட்டு அதைப் பதிந்து, அவர் பெயரையும் பெயர்ப் பட்டியலில் போடுங்கள். எந்தக் கீபோர்ட் இசையும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

இராகலை, மாணவர்: முகத்தை மூடிய ஒருவன் கத்தியோடு லயத்தைச் சுற்றி வருவது போல எடுக்கப் போகிறோம். யாரிடமாவது கேட்க வேண்டுமா?

கட்டாயம். என் முதல் ஒப்படையில் நாங்கள் கேட்கவில்லை. ஒரு நண்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இரவு எட்டு மணிக்கு லயத்துக் கடைசி வீட்டுக் காம்பராவின் பக்கம் நின்றான், கெமரா தூரத்தில், இருட்டில். தனியாக இருந்த ஒரு பாட்டி கதவைத் திறந்தார், அவனைப் பார்த்து அலறிப் பின்னால் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. அன்றிரவு ஆஸ்பத்திரி வாங்கில் அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிழை முழுக்க எங்களுடையது. அதனால் சொல்கிறேன், தோட்டத் தலைவர், வாட்சர், அந்த லயத்தில் இருக்கும் ஒவ்வொரு வீடு, எல்லாருக்கும் நாளும் நேரமும் சொல்லுங்கள், தோட்டத்துக்குள் எடுப்பதென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கத்தி மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியதாக இருக்கட்டும். புகை போடுகிறோம் என்று மரத்தடியில் சருகு கொளுத்தாதீர்கள், மேலே குளவிக்கூடு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஹப்புத்தளை, மாணவி: இரத்தம் எப்படிச் செய்வது?

கித்துள் பாணியில் சிவப்புக் கேசரி நிறம் கலந்தால் சரியாக வரும், பாணியின் பழுப்பு அதற்கு உண்மையான நிறத்தைக் கொடுக்கும். துணியில் கறை போகாது, பழைய சட்டையில் போட்டுப் பாருங்கள். கொஞ்சமாகப் போடுங்கள்.

பதுளை, மாணவர்: தலைப்பைத் தமிழில் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி உடைகிறது.

பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் என்றால் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகிவிடும். மற்ற ஆப்களில் தலைப்பைத் தனியே பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து மேலே வையுங்கள். யூனிகோட் அடியோடு வேலை செய்யாத இடத்தில் பழைய பாமினி எழுத்துரு இன்னும் கைகொடுக்கும். தமிழிலேயே போடுங்கள்.

நுவரெலியா, மாணவி: அக்கா, எங்கள் ஊரை ஏற்கெனவே பாவமாகத்தான் காட்டுகிறார்கள், இப்போது நாங்களே பயங்கரமாகவும் காட்டுவது சரியா?

இந்தக் கேள்வி எனக்கும் பல வருடமாக இருக்கிறது. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: பயப்படுகிற ஆள் யார், அவளை எனக்குத் தெரியுமா? அவளுக்குப் பெயர் இருக்கிறதா, பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட் பைக்குள் இருக்கிறதா, நாளைக்கு எங்கேயோ போக வேண்டியிருக்கிறதா? இருந்தால் அது அவள் கதை, லயம் அவள் வீடு, பார்ப்பவர் அவளுக்காகப் பயப்படுவார். அவள் யாரென்றே தெரியாமல் இருட்டு லயத்தை மட்டும் காட்டினால் எங்கள் வீட்டைப் பேய் வீடாக்கிவிட்டோம் என்று அர்த்தம். மண்சரிவில் போனவர்களின் உண்மையான இடங்களைப் பயம் காட்டப் பயன்படுத்தாதீர்கள், அங்கே இன்னும் அழுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மற்றபடி எடுங்கள், த்ரில்லர் எடுக்க எங்களுக்கும் உரிமை உண்டு.

கொட்டகலை, மாணவர்: எடிட் செய்து பார்த்தால் 3 நிமிடம் 40 செக்கன் வருகிறது. எல்லாமே தேவை போல இருக்கிறது.

நடந்து வருகிற ஷொட்டுகளை முதலில் பாருங்கள், அநேகமாக அதில் ஒரு நிமிடம் இருக்கும். கதவைத் திறந்து, உள்ளே வந்து, மூடி, திரும்பி என்று எல்லாம் வேண்டாம், கையில் தாழ்ப்பாள், அடுத்ததாக உள்ளே இருக்கும் முகம், போதும். அப்புறம் படத்தில் வேலை செய்யாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள், அம்மாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ யாராக இருந்தாலும் சரி. நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பாருங்கள். எந்த இடத்தில் அவர் கண் திரையை விட்டு நகர்கிறதோ அந்த நேரத்தைக் குறித்து வைத்து, அன்றிரவே அந்த இடத்தை வெட்டுங்கள்.