தள்ளியது சரி, தட்டியது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு பேண்டும் மார்ச்சிங்கும் சொல்லித் தருகிறேன். 12 முதல் 17 வயது வரை 22 பேர். குடியரசு தின ஒத்திகையில் தாளம் தப்பிக்கொண்டே இருந்த 16 வயதுப் பையனை வரிசையை விட்டு வெளியே வரச் சொன்னேன். பேஸ் டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்தவன், அதன் குச்சியோடு என்மேல் பாய்ந்தான். முதல் அடி என் இடது முன்கையில் விழுந்தது. மறுபடி ஓங்கியபோது அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். மல்லாந்து விழுந்ததில் அவன் இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். எழுந்து நின்றவனைக் கோபத்தில் ஒரு தட்டு தட்டியதும் உண்மை. பெற்றோர் போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் முடித்துவிடலாம் என்கிறது கமிட்டி. என்னைக் காத்துக்கொண்டது தப்பா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: பிடித்தீர்கள், தள்ளினீர்கள், தட்டினீர்கள். முதல் இரண்டைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு மூன்றாவதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஸ்டேஷனில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். "தட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னத்தில் விழுந்திருந்தால் அதற்குப் பெயர் அறை.

முதலில் உங்கள் பக்கம் இருக்கும் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய ஐ.பி.சி.யில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியில் உரிமை பிறக்கிறது. அந்த அச்சம் நீங்கும் நொடியில் முடிகிறது. இது 40-வது பிரிவு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது 37. எதிரில் நிற்பவர் வயதில் சிறியவர், முதிர்ச்சி இல்லாதவர் என்பதால் உங்கள் உரிமை போய்விடாது என்பது 36. "பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட என்ன தற்காப்பு?" என்று கேட்பவர்களுக்கு இந்த 36-ஐக் காட்டலாம். அடிபடுகிறவர் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்து அளந்துகொண்டிருக்க முடியாது என்பதை தர்ஷன் சிங் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால், கையைப் பிடித்ததிலும் தள்ளியதிலும் தப்பில்லை. ஓர் அடி விழுந்துவிட்டது, அடுத்ததற்குக் குச்சி உயர்ந்திருந்தது, உங்கள் கையில் ஆயுதம் இல்லை. பேண்டை நடத்துபவர் ஏந்தும் கோலான மேஸைச் சுழற்றியிருந்தால் கதை வேறு. அதன் உலோகத் தலை மண்டையில் பட்டால் 37-வது பிரிவு உங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கும்.

விரிசலைப் பற்றிப் பயந்திருப்பீர்கள். எலும்பில் விரிசல் விழுந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது முறிவுதான். முறிவு என்றால் கொடுங்காயம். ஆனால் 117-வது பிரிவில் தண்டிக்க, அப்படிப்பட்ட காயத்தை நீங்கள் உண்டாக்க எண்ணியிருக்க வேண்டும், அல்லது அது நேரக்கூடும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். நீங்கள் பிடித்தது வலது மணிக்கட்டை, விரிசல் இடதில். பின்னால் சாய்கிறவர் தரையில் உள்ளங்கையை ஊன்றினால் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். கையை முறுக்கியதால் வந்ததல்ல, விழுந்ததால் வந்தது என்று எக்ஸ்ரேயும் உங்கள் கூற்றும் ஒத்துப்போகும். இது சின்ன விஷயம் இல்லை.

இனி அந்தத் தட்டு. அவன் எழுந்து நின்றபோது குச்சி எங்கே இருந்தது? நீங்கள் எழுதவில்லை. கீழே கிடந்திருந்தால் அச்சம் நீங்கிவிட்டது, உரிமையும் முடிந்துவிட்டது. அதற்குப் பின் விழுந்த அடி தற்காப்பு ஆகாது, கோபம். திடீர்க் கோபமூட்டலால் அடித்தது என்று வாதாடினால் 122(1)-இன்படி ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று சுருங்கலாம். ஆனால் பயிற்சி நேரத்தில் அந்தப் பையன் உங்கள் பொறுப்பில் இருந்தவன். அதனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவையும் சேர்க்க வாய்ப்பு உண்டு. அதில் மூன்றாண்டு வரை சிறை. குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற அமைப்பில் வேலை செய்பவர் என்றால் ஐந்தாண்டு வரை, அபராதம் ஐந்து லட்சம் வரை. ஒரு தட்டுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். அதிகபட்சம்தான் இது, எல்லா வழக்கும் அங்கே போய் நிற்பதில்லை. ஆனாலும் வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்.

தற்காப்பு என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும் (சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 108). சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றவைத்தால் போதும். அதற்கான சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது, நாளாக ஆக மங்கிக்கொண்டும் இருக்கிறது. முகத்தைக் காக்கக் கையை உயர்த்தினால் அடி சுண்டுவிரல் பக்க எலும்பின்மேல் விழும். தடுத்த கையின் காயம் என்று டாக்டர்கள் அடையாளம் காண்பது இந்த இடத்தைத்தான். இன்றே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய் அடிபட்டதைச் சொல்லுங்கள். எந்தக் கை, எந்தப் பக்கம், எதனால் என்று பதியச் சொல்லி ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். வீக்கத்துக்கு எக்ஸ்ரே எடுங்கள். கன்றிய இடத்தின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து இன்று ஒரு படம், இரண்டு நாள் கழித்து ஒரு படம். சிவப்பு ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாவது அடிபட்டு எத்தனை நாள் என்பதைத் தோராயமாகத்தான் காட்டும்.

அன்று யார் எங்கே நின்றார்கள், எத்தனை மணி, குச்சி எங்கே விழுந்தது என்பதை ஒரு தாளில் வரைந்து தேதி போடுங்கள். தட்டியதையும் எழுதுங்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்ததை மறைத்தால், சொன்ன மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளிடம் "இப்படிச் சொல்லு" என்று பேசவே பேசாதீர்கள். யாராவது வீடியோ எடுத்திருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். விசாரணைக்குள் வந்த சிறுவரை அடையாளம் காட்டினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-இன்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு.

பையன்மேல் எதிர்ப் புகார் கொடுக்கலாமா என்றும் யாராவது காதில் ஓதியிருப்பார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் செய்த இந்த அளவுக் குற்றத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, பொது நாட்குறிப்பில் பதிவதோடு சரி. அவனைச் சிக்கவைக்கும் நோக்கம் வேண்டாம். பெற்றோர் ஸ்டேஷனுக்குப் போனால் மட்டும், நடந்ததை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான போலீஸ் ரசீது) வாங்குங்கள்.

கமிட்டி கேட்கும் "நடந்த அனைத்துக்கும் மன்னிக்கவும்" என்ற கடிதத்தைக் கொடுக்காதீர்கள். அது தள்ளியதையும் குற்றமாக ஒப்புக்கொள்வதாகிவிடும். கமிட்டிப் பெரியவர் ஒருவரோடு பையன் வீட்டுக்குப் போய், தட்டியதற்கு மட்டும் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனா அவன்தான் முதல்ல..." என்று தொடராதீர்கள். மாவுக்கட்டுச் செலவைக் கமிட்டி ஏற்பதில் தடையில்லை. மருத்துவ உதவி என்று ரசீதில் எழுதட்டும்.

உங்கள் பயிற்சி முறையில் ஒன்றை மாற்றியாக வேண்டும். பதினாறு வயதுப் பையனை அத்தனை பேர் முன்னால் வரிசையை விட்டு வெளியே இழுத்தீர்கள், அதுவும் கையில் குச்சி இருக்கும்போது. தாளம் தப்பினால் மொத்த வரிசையையும் நிறுத்தி, டிரம்மும் குச்சியும் தரைக்கு வரட்டும். எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது அவனைத் தனியாகக் கூப்பிடுங்கள், இன்னொரு பெரியவர் பார்வையில். பேசும்போது இரண்டு அடி வைப்பு தள்ளி நில்லுங்கள். மார்ச்சிங்கில் ஓர் அடி வைப்பு 30 அங்குலம், இரண்டு என்றால் 5 அடி. நீட்டிய கையும் குச்சியும் சேர்ந்தாலும் அவ்வளவு எட்டாது. அவன் ஒரு கால் முன்னால் வைத்தாக வேண்டும். அந்த ஒரு கால் வைக்கும் நேரத்தில் நீங்கள் பக்கவாட்டில் விலகிவிடலாம். பிடித்தே ஆக வேண்டுமானால் குச்சி இருக்கும் முன்கையை மட்டும் பிடித்து, குச்சி விழுந்ததும் விடுங்கள். டிரம் வாரைப் பிடித்து இழுத்தால் அது கழுத்துக்கு ஏறும். கீழே அமுக்கி முதுகில் உட்கார்ந்தால் மூச்சு அடைபடும். டிரம் மாட்டியிருப்பவனைத் தள்ளவே தள்ளாதீர்கள். அவனால் கையை ஊன்றுவது கடினம், பின்மண்டை தரையில் அடிக்கலாம்.