மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஸ்டென்ட் வச்சா பார்வை போயிடுமா?

அம்மாவுக்கு கண்ணுக்குப் பின்னாடி அனியூரிசம் (ரத்தக்குழாய் பை மாதிரி வீங்கறது), ஸ்டென்ட் வைக்கச் சொல்றாங்க, பார்வைக்கு ஆபத்தான்னு கேட்டிருந்தீங்க. நாங்க களியக்காவிளை, எங்க அத்தைக்கு திருவனந்தபுரத்துல இதே ஃப்ளோ டைவர்ட்டர் ஸ்டென்ட்தான் வச்சாங்க, அதனால உங்க பயம் எனக்கு நல்லாவே புரியுது.

அது நெருக்கமா பின்னுன உலோக வலை, வீங்கின பைக்குள்ள ரத்தம் பாயறதக் குறைக்கும், உள்ள மெல்ல உறைஞ்சு பை அடைஞ்சிடும், ஆனா உடனே இல்ல. 2011ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச பைப்லைன் ஸ்டென்ட்டோட சோதனையில, பெரிய வீக்கங்கள்லகூட, 6 மாசத்துல 73.6% முழுசா அடைஞ்சுது, 5 வருசம் கழிச்சு பாத்தவங்கள்ல 95.2%.

கண்ணு விசயம் என்னன்னா, கண்ணுக்குப் போற ஆப்தால்மிக் தமனியோட வாய் மேலயே வலை உக்காரலாம். பெரும்பாலும் வலை வழியா ரத்தம் போயிட்டேதான் இருக்கும், அடைஞ்சாலும் முகத்துப் பக்கத்து குழாய்ங்க கை கொடுக்கும். ஆனா சின்ன ரத்தக்கட்டி விழித்திரைக்குப் போயிட்டா பார்வையில ஒரு பகுதி இருட்டாகும், சிலருக்கு அது திரும்பாது, இத மறைக்க மனசில்ல. வீக்கம் பார்வை நரம்ப அமுக்கிட்டிருந்து, சிகிச்சைக்கப்புறம் தெளிஞ்சவங்களும் உண்டு.

ரத்தம் கட்டாம இருக்கத் தர்ற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைங்கள ஒரு வேளைகூட விடாதீங்க, பல்லு பிடுங்கணும்னாக்கூட நியூரோ டாக்டர கேக்காம நிறுத்தக்கூடாது. அத்தை தினம் காலைல ஒரு கண்ண பொத்திக்கிட்டு சுவத்து காலண்டர்ல தேதிய வாசிப்பாங்க, பிறகு மத்த கண்ணு. திடீர்னு மங்கினாலோ திரை விழுந்த மாதிரி இருந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க.