பெண்கள் காற்பந்தை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: நான் தீவிர லிவர்பூல் ரசிகன். விடிகாலை மூன்று மணி ஆட்டம் என்றாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். உயர்நிலை 2இல் படிக்கும் என் மகள், காற்பந்து ஆடியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறாள். வெயிலில் கறுத்துப்போவாள் என்று அவள் அம்மாவுக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. பெண்கள் காற்பந்தை யார் சார் பார்க்கிறார்கள்? விளம்பரம் இருக்கிற அளவுக்குத் தரம் இல்லையே? வலைப்பந்து ஆடினால் ஆகாதா?
- ஒரு தந்தை, செங்காங்

பதில்: லிவர்பூல்காரர்களே பார்த்தார்கள். 1920 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த ஊரின் குடிசன் பார்க் திடலில் (உங்கள் பரம வைரி எவர்டன் அணியின் திடல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்) பிரஸ்டன் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் அணி ஆடியது. சுமார் 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். மறு ஆண்டே இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லித் தன் கழகங்களின் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. கூட்டம் வராமல் மூடவில்லை. வந்த கூட்டத்தைத்தான் விரட்டினார்கள். இப்போது நம்மவர்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்து "யார் பார்க்கிறா?" என்கிறோம்.

தரம் பற்றிக் கேட்டீர்கள். 1991இல் நடந்த முதல் பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஆட்டத்துக்கு 80 நிமிடம்தான் கொடுத்தார்கள். அதற்கு மேல் தாங்கமாட்டார்களாம்! 2022இல் பார்சலோனா, ரியல் மட்ரிட் பெண்கள் அணிகள் பார்சலோனாவின் கேம்ப் நோ திடலில் மோதியபோது வந்தவர்கள் 91,553 பேர். அத்தனை பேரும் விளம்பரத்தைப் பார்க்க வந்தார்கள் என்கிறீர்களா? சரி, உங்கள் கட்சிக்கே வருகிறேன். உங்கள் அணித்தலைவர் ஜெரார்ட் வழுக்கி விழுந்து லீக் கிண்ணம் கைநழுவிய அந்த 2014இல், லிவர்பூல் பெண்கள் அணி தொடர்ந்து இரண்டாம் முறையாக லீக்கை வென்றது. தீவிர ரசிகர் கண்ணில் இது படவே இல்லையா?

நம் ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். 1977 ஆசியப் பெண்கள் போட்டியில் சிங்கப்பூருக்கு மூன்றாம் இடம். ஆறே அணிகள் ஆடிய போட்டிதானே என்று இழுப்பீர்கள். ஆமாம், ஆறுதான். அந்த ஆறில் ஒன்று ஜப்பான். முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. அவர்கள் 1989இல் பெண்களுக்கென்று லீக் தொடங்கினார்கள், 2011இல் உலகக் கிண்ணத்தையே தூக்கினார்கள். நாம் வெயிலில் கறுத்துப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளூர் ஆண்கள் லீக்குக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? டிக்கெட் வாங்கி?

வலைப்பந்து நல்ல ஆட்டம்தான், அதை விரும்புகிறவளுக்கு. வீட்டம்மாவிடம் சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பயிற்சி பெரும்பாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான்.

அப்புறம் ஒன்று. மூன்று பக்கக் கடிதத்தில் லிவர்பூலின் மாற்று ஆட்டக்காரர்கள் வரை அலசியிருந்தீர்கள். இடம் போதாமல் அதையெல்லாம் வெட்டவேண்டியதாயிற்று. மகள் முன்வரிசையில் ஆடுகிறாளா, தற்காப்பிலா, கோல் காக்கிறாளா என்று மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசலாம்.